படிக்கட்டுக்கும் ரிக் லாரிக்கும் ஒரே தடை

வெண்ணந்தூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் கட்டும் ஒப்பந்தத்தை எடுத்திருந்தேன். கட்டடம் கட்டுகிறவர் பெண் என்றால், என்னிடமே "மேஸ்திரி எங்கே?" என்று கேட்பவர்கள் உண்டு. மண்டபத்துக்காரர் கேட்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்திருந்தது. ரிக் லாரி வைத்து ஊர் ஊராகப் போர்வெல் போடுகிறவர். பூமிக்கு அடியில் எங்கே தண்ணீர், எங்கே பாறை என்று சொல்லிவிடுவார். தரைக்கு மேலே நடப்பவற்றில்தான் யார் சொன்னாலும் நம்பிவிடுவார்.

நான் மாடிப்படியைக் கட்டி முடித்த கையோடு அவர் ஒரு வாஸ்து நிபுணரைக் கூட்டிவந்தார். வந்தவர் சட்டைப்பையிலிருந்து திசைகாட்டியை எடுத்தார், முகம் சுளித்தார், வடகிழக்கில் படி இருந்தால் குடும்பம் விளங்காது என்றார். இளநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

"இதை இடிச்சுப்போட்டுத் தென்மேற்கால கட்டிக் குடுத்துருங்க அம்மிணி" என்றார் மண்டபத்துக்காரர்.

"வரைபடத்துல கையெழுத்துப் போட்டது நீங்கதானுங்களே? இடிச்சுக் கட்டறது தனி வேலைங்க."

"அப்ப வாஸ்து பொய்யுங்களா?"

"மெய்யாவே இருக்கட்டுங்க. கூலி ஆரு குடுக்கறது?"

அதோடு பேச்சு நின்றது. வேறு ஒரு கான்ட்ராக்டர் வந்தார். என் ஆட்களை வெளியே அனுப்பினார்கள். என் கலவை மெஷினையும் சென்ட்ரிங் தகடுகளையும் எடுக்கப் போனால், வாசலை உள்பக்கமாக அடைத்துக்கொண்டு மண்டபத்துக்காரருடைய ரிக் லாரி நின்றது. போதாததற்கு, நான் கட்டிய படி ஆடுவதாகவும் அதனால்தான் இடிக்கப் போவதாகவும் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். மெஷின் போனால் வாங்கிக்கொள்ளலாம். நான் கட்டிய படி ஆடுகிறதாமே!

நாமக்கல்லில் என் வக்கீல் ஒப்பந்தத்தைப் புரட்டினார். தகராறு வந்தால் நடுவர் ஒருவர் தீர்க்க வேண்டும் என்று அதில் இருந்தது.

"அப்ப கோர்ட்டுக்குப் போக முடியாதுங்களா?"

"தீர்ப்புக்குத்தான் நடுவர். அவரை நியமிச்சு அவர் வந்து பாக்கறதுக்குள்ள இவர் படியை இடிச்சுட்டா, ஆடுச்சா ஆடலையான்னு எதைப் பாத்துச் சொல்லுவாரு? அதுவரைக்கும் படிக்குப் பாதுகாப்புக் கேக்கலாம். ஆனா ஆணையை வாங்கிட்டுத் தூங்கக் கூடாது. தொண்ணூறு நாள் கெடுவுக்குள்ள நடுவர் விசாரணையைத் தொடங்கிரணும்."

நீதிமன்றம் இடைக்கால ஆணை தந்தது. எதையும் இடிக்கக் கூடாது. இரு தரப்பும் உள்ளே இருக்கும் எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது. நீதிமன்றம் அனுப்பும் ஆணையர் ஒருவர் நேரில் பார்த்து அறிக்கை தர வேண்டும். ஆணையராக வந்தவர் இளம் பெண் வக்கீல். வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார்.

"படி ஆடுதுன்னு சொல்றீங்களே, எங்க ஆடுது?" என்று மண்டபத்துக்காரரைக் கேட்டார்.

"இருங்க, காட்டறனுங்க" என்று அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுப்படியில் ஏறிக் குதித்தார். கனத்த உடம்பு. மறுபடியும் குதித்தார். துணைக்குத் தன் டிரைவரையும் கூப்பிட்டார். இருவரும் சேர்ந்து குதித்தார்கள். ஆடியது அவருடைய தொப்பை மட்டும்தான். ஆணையர் சிரிக்காமல், "எதிர்மனுதாரர் தம் ஓட்டுநருடன் பலமுறை குதித்தும் படியில் அசைவு தென்படவில்லை" என்று எழுதிக்கொண்டார். நான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

பிறகு வாசலுக்கு வந்த ஆணையர், "இந்த லாரியும் உள்ளதான நிக்குது?" என்று அதையும் எழுதினார்.

"அது என்ற வண்டிங்க!" என்று தன் வண்டிக்காகப் பதறினார் மண்டபத்துக்காரர்.

"இரு தரப்புன்னு ஆணையில இருக்குங்க."

போர் போடுகிறவர்களுக்குக் கோடைதான் அறுவடைக்காலம். மற்ற வண்டிகள் எல்லாம் ஆந்திரா, கர்நாடகா என்று ஓட, இவருடைய வண்டி மட்டும் மண்டப வாசலில் கோர்ட் காவலில் நின்றது. ஒருநாள் காலை என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க அம்மிணி, ஊட்ல இருக்கறீங்களா?"

மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"என்ற வண்டி பொழப்புக்குப் போகோணுமுங்க."

"என்ற மெஷினும் போகோணுமுங்க."

"படி?"

"அது நிக்கட்டுங்க. நடுவர் வந்து ஏறிப் பாக்கட்டும்."

இரண்டு வக்கீல்களும் சேர்ந்து மனு போட்டார்கள். லாரியும் மெஷினும் தகடுகளும் மட்டும் போகலாம் என்று நீதிபதி ஆணையைத் திருத்தினார். அறிக்கையில் மண்டபத்துக்காரர் குதித்த பகுதியைப் படித்தபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.

கெடு முடியுமுன்பே விசாரணை தொடங்கியது. நடுவர் சேலத்துக்காரர், ஓய்வுபெற்ற நீதிபதி. முழங்கால் வலியோடு படியேறிப் பார்த்தார். படி வரைபடப்படியே இருக்கிறது, உறுதியாகவும் இருக்கிறது, மாற்றுவதென்றால் அது உரிமையாளரின் செலவு என்று தீர்ப்பு எழுதினார். செலவு தன்னுடையது என்றதும் மண்டபத்துக்காரர் வாஸ்து நிபுணரை மறுபடி கேட்டார். படிக்கு எதிரே முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று மாட்டினால் போதும் என்றாராம் அவர்.

மண்டபத்துக்காரர் திறப்பு விழாவுக்குப் பத்திரிகை வைத்து அழைத்தார். போனேன். "என்னையக் கோர்ட்டுக்கு இழுத்த அம்மிணி இவங்கதானுங்க" என்று சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொன்னார். மோகனூரில் வீடு கட்டவிருந்த அவருடைய மச்சான் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சாப்பிட்டுக் கைகழுவியதும், மனையைப் பார்க்க அவர் வண்டியிலேயே கிளம்பினேன்.