பாய்மரப் படகில் ஒரு லாரி சுவிட்ச்

என் வீட்டுக்காரருக்குப் படகுத்துறையில் 'கரண்டு' என்று பெயர். பாய்மரப் படகுகளில் பேட்டரி, விளக்கு, ஒயர் வேலை பார்ப்பதால் வந்த பெயர் என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். தொட்டால் அடிப்பார் என்பதால் வந்தது. எனக்கும் கோபத்தில் குறைச்சல் இல்லை. அதனால் எங்கள் வீட்டில் கண்ணாடிப் பாத்திரம் வாங்குவதில்லை.

முதலில் அவர் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடையில் இருந்தார். எரிந்துபோன மோட்டாருக்குப் பெயிண்ட் அடித்துப் புதுசு என்று முதலாளி கொடுத்ததை, வாங்க வந்தவர் முன்னாலேயே போட்டு உடைத்துவிட்டு வெளியே வந்தார். அதற்கப்புறம் யாரிடமும் கைகட்டி நிற்கவில்லை. ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படகு படகாக ஏறி இறங்குகிறார்.

பேட்டரி இறங்குகிறது என்று யார் கூப்பிட்டாலும் பேட்டரியைத் தொடவே மாட்டார். தரைப்பலகையைத் தூக்குவார். படகின் அடியில் தேங்கிய தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைப்பார். சப்பென்று இருந்தால் மழைத் தண்ணீர். உப்புக் கரித்தால் எங்கிருந்தோ கடல் உள்ளே வருகிறது. தண்ணீர் ஏறினால் அடியில் இருக்கும் பம்பு தானாக ஓடி வெளியே தள்ளும். ராத்திரி முழுக்க அது ஓடினால் காலையில் பேட்டரி செத்துக் கிடக்கும். "பேட்டரிய எதுக்குய்யா திட்டுற? அது உன்ன காப்பாத்திட்டுத்தான் செத்துச்சு" என்று படகுக்காரர்களை வாங்கு வாங்கென்று வாங்குவார்.

என் தம்பி லாரி டிரைவர். பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுப் பொண்டாட்டியோடு அதிலேயே குடியேறினான். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நைட் டூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குபவள். படகைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தெரியாது என்ற சொல்லும் தெரியாது.

குடிபோன சில நாளிலேயே காலையில் பேட்டரி இறங்கிக் கிடந்தது. புதுசு மாற்றினான். அதுவும் இறங்கியது. என் வீட்டுக்காரர் போய்ப் பலகையைத் தூக்கக் குனிந்ததும் இவன் குதித்தான்.

"பேட்டரி பாக்க வந்தீங்களா, சாக்கடைய நக்க வந்தீங்களா? நீங்க போட்ட ஒயரிங்தான் மாமா கரண்ட குடிக்குது."

"மாப்ள, வாய மூடிட்டு பலகையத் தூக்க விடு."

"ஒண்ணும் வேணாம். மொதல்ல படக விட்டு எறங்குங்க!"

துறையில் எல்லாரும் பார்க்க இறங்கி வந்தார். வீட்டுக்கு வந்து அவர் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் டிவியை அணைத்துவிட்டுக் கேட்டார்கள். கூடப்பிறந்தவன் என்று பார்க்காமல் நானும் போனில் அவனைக் கிழி கிழியென்று கிழித்தேன். பாதியில் வைத்துவிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒன்றுமே நடக்காதவன் மாதிரி வந்து சாப்பிட உட்கார்ந்தான். வாயில் சோறும் பெருமையும் சேர்ந்தே இருந்தன.

"பேட்டரி இன்னிக்கு ஃபுல்லா நிக்குது மாமா. நேத்து சாயங்காலம் எல்லா ஒயரையும் ஒரே மெயின் சுவிட்சுக்குப் பின்னாடி கொண்டு வந்துட்டேன். லாரில அப்படித்தான். படுக்கும்போது ஒரு தட்டு, மொத்தமும் ஆஃப்."

என் வீட்டுக்காரரின் கை தட்டிலேயே நின்றது. "பம்பு ஒயரு?"

"அதுவுந்தான். அதுதான் சும்மா சும்மா ஓடி உயிர வாங்குச்சு."

"இப்பவும் ஆஃபா?"

"பகல்ல எதுக்கு லைட்டு?"

"உள்ள யாரு இருக்கா?"

"அவ தூங்குறா."

எச்சில் கையோடு எழுந்து ஓடினார். "நிறுத்தி வச்ச லாரி முழுகாதுடா, மடையா!" என்று கத்திக்கொண்டே நானும் பின்னால் ஓடினேன். அப்போதுதான் அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போனது.

துறையில் மற்ற படகுகளைவிட அவன் படகு தாழ்ந்து கிடந்தது. உள்ளே கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அவள் சமையல் பாத்திரத்தால் இறைத்துக்கொண்டிருந்தாள். எந்த விளக்கும் எரியவில்லை. புது சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று அவளிடம் சொல்லக்கூட இல்லை அந்தப் பிரகஸ்பதி. அவள் கூப்பிடக் கூப்பிட, அவன் லாரியிலேயே விட்டுவிட்டு வந்த போன் அடித்து அடித்து ஓய்ந்திருக்கிறது. இன்னும் நாலு விரல் ஏறினால் பேட்டரியே முழுகிவிடும், அப்புறம் பம்பும் இல்லை, படகும் இல்லை.

என் வீட்டுக்காரர் சுவிட்சைத் தேடிப் போட்டார். பம்பு உறுமிக்கொண்டு தண்ணீரை வெளியே பீய்ச்சியது. பிறகு எஞ்சினுக்குப் பின்னால் தவழ்ந்து போனார். படகைத் தள்ளும் விசிறியின் தண்டு வெளியே போகும் துளையில்தான் கடல் கொட்டிக்கொண்டிருந்தது. நட்டை இறுக்க இறுக்க அது சொட்டாகக் குறைந்தது. பம்பு ஒயரைச் சுவிட்சிலிருந்து பிடுங்கி, ஃபியூஸ் வைத்து, பழையபடி நேராகப் பேட்டரியில் மாட்டினார்.

இப்போது கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். நன்றாகக் கத்தட்டும் என்றும் ஆசைப்பட்டேன். அவர் என் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீரில் முக்கினார்.

"நாக்குல வை."

வைத்தான். "உப்பு, மாமா."

"இதத்தான் அன்னிக்குப் பாக்க வந்தேன்." அவர் குரல் உடைந்தது. "அந்தப் பொண்ணு தூங்கிட்டு இருந்தா, மாப்ள."

இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

அப்போதாவது அவன் வாயை மூடியிருக்கலாம். "சரி விடுங்க மாமா, தெரியாம நடந்துபோச்சு. இனிமே பம்ப நானே பாத்துக்கறேன்" என்று பலகையைத் தூக்கக் குனிந்தான் தம்பி.

"நீ தொடாத" என்றாள் அவன் பொண்டாட்டி.

பாத்திரத்தைக் கீழே வைத்தாள். நனைந்த உடையில் நடுங்கிக்கொண்டிருந்தாள், ஆனால் குரல் நடுங்கவில்லை.

"மொதல்ல படக விட்டு எறங்கு."

அவன் என்னைப் பார்த்தான். நான் ஏணிப்படியிலிருந்து நகர்ந்து அவனுக்கு வழிவிட்டேன்.