அங்கிக்குள் இருந்தவள்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நம்ப முடியாதவர்கள் எங்கள் ஊர் குரோசேவுக்கு வந்து என் இடது கையைப் பார்க்கலாம். இரண்டு விரல்கள் இருக்காது.

எங்கள் ஊரில் டிசம்பர் தோறும் ஊர்க்காரர்களே சேர்ந்து ஒரு நாடகம் போடுவோம். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், தங்கள் தலைவனின் சாவுக்குப் பழிவாங்க, எங்கள் ஊர் சாமுராய்கள் ஒன்பது பேர் ஆற்றைக் கடந்துபோய் மகாபே பிரபுவை வெட்டிய கதை. பிரபு ஒரு பெண்ணின் அங்கியைப் போர்த்திக்கொண்டு ஒளிந்திருப்பார். பிடிபட்டதும் கெஞ்சுவார். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர் தலை விழும்போது காகிதத்தில் முறுக்கிய காசு மேடையில் மழையாகக் கொட்டும்.

பிரபு வேஷம் எனக்கு. வெட்டுகிறவன் என் மனைவியின் அண்ணன் தென்ஸோ. மீன்கடைக்காரன்.

நாடகம் தொடங்குமுன், அந்தக் கதையில் செத்தவர்களின் கல்லறையில் அரிசி மது ஊற்றி அனுமதி கேட்பது வழக்கம். ஒரு குப்பி இக்கரையில் ஒன்பது வீரர்களுக்கு. இன்னொரு குப்பி அக்கரையில் பிரபுவுக்கு. அந்த ஆண்டு பாலத்தை உறைபனி மூடியிருந்தது.

“இந்தக் குளிர்ல அக்கரைக்கு எவன் போறது மச்சான்? ரெண்டையும் இங்கயே ஊத்திடுவோம்” என்றான் தென்ஸோ.

“அது அவரோட குப்பிடா. அவரைக் கொன்னவங்களுக்கா ஊத்துறது?”

“இத்தனை வருஷத்துல ராசியாகியிருப்பாங்க. பங்கு போட்டுக் குடிக்கட்டும். நீ வா.”

ஊற்றினான். குளிர்ந்த மதுதான். ஆனால் கல்லில் பட்டதும் ஆவி எழுந்தது.

மாலை ஐந்தரைக்குத் திரை விலகியது. அங்கியைப் போர்த்தியபோதே ஏதோ சரியில்லை. பழைய பட்டு, காற்றாய் இருக்கும். அன்று கனத்தது. அதன் ஓரம் ஈரமாக இருந்தது. பனியில் நனைய யாரும் அதை வெளியே கொண்டுபோகவில்லை.

மேடை மூலையில் மண்டியிட்டுப் பதுங்கினேன். அங்கிக்குள் எதுவோ அசைந்தது.

இரண்டு சின்னக் கைகள் என் இடுப்புக் கச்சையைப் பிடித்தன. பனிக்கட்டிபோல...

தென்ஸோ வந்து அங்கியை இழுத்தான். ‘உயிர்ப்பிச்சை கொடுங்கள்’ என்பதுதான் என் வசனம். என் வாய் வேறு எதையோ சொன்னது.

“என்னை வெட்டு. இவளை விட்டுடு.”

அது என் குரல் இல்லை. கூட்டம் சிரித்தது.

தென்ஸோ வாளை ஓங்கினான். மரவாள். வெள்ளிக் காகிதம் ஒட்டியது. அவன் முகம் முழுக்க வியர்வை. உதடு அசையாமல் முனகினான்.

“மச்சான்... நகரு... என் கை நிக்க மாட்டேங்குது.”

விஷ்க்...

முதல் வெட்டில் பக்கத்துத் தூண் பிளந்தது.

“வெட்டு... வெட்டு...” என்று கூட்டம் தரையைத் தட்டியது.

ஓடியிருக்கலாம். ஓடினால் அந்தக் குழந்தை... நான் அவள் மேல் கவிழ்ந்துகொண்டேன். இடது கையால் மறைத்தேன்.

இரண்டாவது வெட்டு. என் விரல்கள் பலகையில் உருண்டன.

சாயம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

மூன்றாவது, குத்து. என் விலா ஓரமாய், அங்கியைத் துளைத்து, உள்ளே இறங்கியது. என்மேல் படவில்லை.

உள்ளே ஒரு சின்ன மூச்சு... இழுத்தது...

நின்றது.

கைகள் கச்சையை விட்டன. காசு மழையாய்க் கொட்டியது.

தென்ஸோ மயங்கி விழுந்தான். அங்கிக்குள் யாரும் இல்லை. மரவாளில் ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை. விரல்களைப் பார்த்த மருத்துவர், தீட்டிய எஃகு வெட்டியது என்றார்.

பனி உருகியதும் ஒரு குப்பியோடு அக்கரைக்குப் போனேன். கல்லறை பெருக்கிக்கொண்டிருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“குரோசே நாடகக்காரரா? எங்க பிரபுவுக்குப் பொம்பளை வேஷம் போட்டுக் கெஞ்ச விடுவீங்களே, அந்தக் கூட்டமா?”

குப்பியைத் திறந்து ஊற்றக் குனிந்தேன். பிரபுவின் கல்லுக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்தில் இன்னொரு கல் இருந்தது.

“இது யாரும்மா?”

“பேத்தி. ஆறு வயசு. அவளை மறைக்கத்தான் மருமகளோட அங்கியைப் போர்த்துனார். உங்க வீரருங்க அங்கியோட சேர்த்துக் குத்துனாங்க. அது உங்க நாடகத்துல வராதே.”

வரவில்லைதான். எங்கள் ஊரில் யாருக்கும் அப்படி ஒரு குழந்தை இருந்ததே தெரியாது. அதைச் சொல்லத்தான் அன்று மாலை நாடகக் குழுத் தலைவர் வீட்டுக்குப் போனேன். நான் வாய் திறக்குமுன் அவரே ஆரம்பித்தார்.

“கை எப்படிய்யா இருக்கு? போன தடவை புதுசா அந்தப் பொண்ணைக் குத்துற காட்சி சேர்த்தீங்களே, பிரமாதம். எவ்வளவு காசு விழுந்துச்சு பார்த்தியா? ஊரே அதைத்தான் பேசுது. இனிமே வருஷா வருஷம் அது இருக்கணும்.”

“நீங்க... அவளைப் பார்த்தீங்களா?”

“எல்லாரும்தான் பார்த்தோம். வர்ற டிசம்பருக்கு ஆள்கூடக் கிடைச்சாச்சு. உன் பொண்ணு மியோ. அவளே வந்து கேட்டா.”

வீட்டுக்கு ஓடினேன். மியோ கண்ணாடி முன் நின்றிருந்தாள். நாடகத்துக்குப் போக வேண்டாம் என்றேன்.

“எனக்கு எல்லாம் தெரியும்ப்பா. எங்க பிடிச்சுக்கணும்னு அந்தப் பாப்பா சொல்லிக்கொடுத்துட்டா.”

சட்டையைத் தூக்கிக் காட்டினாள். விலா ஓரத்தில், கத்தி நுழையும் அகலத்துக்கு, ஒரு சிவந்த கோடு.

“குத்து இங்க விழுமாம்.”