தம்பியின் தேதித் தாள்கள்

தம்பிக்கு வலிப்பு வரும் நாளில் அம்மா தினக்காலண்டரிலிருந்து அன்றைய தாளைக் கிழித்து, பின்புறம் மணியை மட்டும் எழுதுவாள். பிறகு அதில் துளையிட்டு நூல் கட்டுவாள். காய்ச்சலோடு வந்திருந்தால் சிவப்பு, தூக்கம் கெட்டிருந்தால் கறுப்பு, குடித்த மருந்தை அவன் வாந்தியெடுத்திருந்தால் மஞ்சள். சில தாள்களில் இரண்டு நூல்கள் தொங்கும்.

மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்த அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

"தேதி வாரியா ஒரு நோட்டுல எழுதினாப் போறாதா?"

"தேதி பார்த்தா என்னிக்கு வந்ததுன்னுதான் தெரியும். ஏன் வந்ததுன்னு நூலைப் பார்த்தாத்தானே தெரியும்?"

எனக்கு அப்போது ஒன்பது வயது. கையெழுத்துக்குப் பள்ளியில் பரிசு வாங்கியவள். எர்ணாகுளத்தில் பெரிய டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தின நாள், அம்மா ரேஷன் கடைக்குப் போன நேரத்தில், எல்லாத் தாள்களிலும் இருந்த மணியைக் கோடு போட்ட நோட்டில் தேதி வாரியாக எழுதி முடித்தேன். அப்பா மெச்சுவார் என்று நினைத்தேன். தாள்களை நூலோடு அடுப்பில் போட்டேன்.

அம்மா வந்து நோட்டைப் புரட்டினாள்.

"நூலெல்லாம் எங்கேடீ?"

அடுப்பைக் காட்டினேன். அவள் அடிக்கவில்லை. சாம்பலைக் கிளறிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் படகில் எங்கள் இருவரையும் அழைத்துப் போனாள். டாக்டர் நோட்டைப் படித்துவிட்டு, "மருந்து சர்திச்ச திவசம் எத்ர தவண வந்நு?" என்றார். மருந்தை வாந்தியெடுத்த நாட்களில் எத்தனை முறை வந்தது என்று கேட்டார். அம்மா விரல் விட்டு எண்ணினாள், நிறுத்தினாள், மறுபடி எண்ணினாள்.

"ஓர்மையில்லா, டாக்டரே, ஞாபகம் வரலை. எழுதி வெச்சிருந்தேன். நான்தான் தெரியாம எரிச்சுட்டேன்."

மருந்து போதவில்லை போலும் என்று டாக்டர் அளவைக் கூட்டினார். அதன்பின் தம்பி பகலெல்லாம் தூங்கினான். ஊட்டும்போதே கண் சொருகும். ஆடியில் கொட்டும் கர்க்கடக மழையில் ஒரு காலை அவன் எழவே இல்லை. மருந்தாலா, நோயாலா என்று யாரும் சொல்லவில்லை. அம்மாவும் யாரையும் கேட்கவில்லை.

பாலக்காட்டிலிருந்து வந்த அத்தை, எல்லோர் முன்னாலும், "எப்படிடீ விட்டே கொழந்தையை?" என்று அழுதாள். அம்மா என்னைத் தன் பக்கம் இழுத்து, என் தலையை மடியில் அழுத்திக்கொண்டாள்.

"எல்லாம் என் தப்புதான் அக்கா. நான்தான் சரியாப் பார்த்துக்கலை."

அவள் சொன்னதை நான் நம்பினேன். பல நாட்கள் அவளோடு பேசாமல் இருந்தேன்.