கெளுத்திக்குப் போட்ட அம்மை

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தவள். அம்மை எது என்று எனக்குத் தெரியாதா?

கேபிள் டிவி வந்த புதிதில், பேத்தியின் தொட்டியிலிருந்த கெளுத்தி மீனுக்கு உடம்பில் வெள்ளைத் திட்டுகள் வந்தன. மீன் செத்துவிடும் என்று அவள் சாப்பிடாமல் அழுதாள். தொட்டி விற்ற வண்ணார்பேட்டைக் கடைக்காரரை வரவழைத்தோம். எண்ணெய் வழியும் தலை, பெரிய மோதிரம். மோதிரத்தால் கண்ணாடியைத் தட்டிவிட்டுத்தான் எதையும் பேசுவார்.

"அம்மை போட்டிருக்கு ஆச்சி. தண்ணியில மஞ்சளும் வேப்பிலையும் போடுங்க. வீட்டுல தாளிக்கக் கூடாது."

"இதை மீனு சொல்லிச்சா, நீரா சொல்லுதீரா?"

தொட்டிக்குள் கைவிட்டு, அழகுக்கென்று அவர் விற்றிருந்த கல்லை எடுத்தேன். விளிம்பு அரிவாள்மணை போல் இருந்தது.

"செதிலில்லாத மீனு இதுல ஒரசுனா தோலு உரியாதா?"

அவர் காதில் அது விழவில்லை. கல்லை வெளியே வைத்துத் தண்ணீரை மட்டும் மாற்றி வந்தோம். திட்டுகள் மறைந்தன, பேத்தியும் சாப்பிட்டாள். சில நாள் கழித்து அவர் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"பாத்தியளா, அம்மை எறங்கிட்டு! இந்தக் கல்லு உங்களுக்கு ஆகலைல்லா, நான் கொண்டு போயிருதேன்."

சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயே விட்டார். அடுத்து எந்த வீட்டு மீனுக்கு அம்மை போட்டதோ?

இதை எழுதி முடித்துத் தாளைப் பேத்தியிடம் நீட்டினேன். "ஏட்டி, என் எழுத்து வெளங்குதா? பைய வாசி, கேப்போம்."