வெளியாளுக்கு வைக்கும் தட்டு

வெள்ளைப் பீங்கான் தட்டு. விளிம்பில் நீலக் கோடு. நடுவில் தேய்ந்துபோன ஒரு மீன். மீனின் வாலருகே மயிரிழைபோல ஒரு கீறல் ஓடுகிறது, ஆனால் தண்ணீர் கசியாது. சென்னையில் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. நாங்கள் இதில் சாப்பிடுவதில்லை. ஐம்பதுகளின் தொடக்கத்தில், வைக்கோல் சுற்றி மரப்பெட்டியில் அடுக்கி ரங்கூனிலிருந்து பெரியபட்டினத்துக்கு வந்த தட்டுகளில் இது ஒன்று. கொண்டுவந்தவர் என் சாச்சி. வாப்பாவின் தம்பியை நாங்கள் சாச்சா என்போம்; அவர் மனைவி சாச்சி. அக்காவை லாத்தா என்போம்.

சாச்சா இளம் வயதில் கொழும்பில் ஒரு துணிக்கடையில் இருந்தார். பிறகு ரங்கூன் போய், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார். சாச்சியின் தகப்பனார் தொண்டிக்காரர், தாயார் பர்மியப் பெண். பர்மா சுதந்திரம் பெற்ற பிறகு வியாபாரம் படுத்துவிட்டது. சாச்சா மனைவியையும் சிறு பெண்ணையும் அழைத்துக்கொண்டு ஊர் திரும்பினார். தெருவில் எல்லாரும் முகத்துக்கு நேரே 'ரங்கூன் சாச்சி' என்றும், முதுகுக்குப் பின்னால் 'பர்மாக்காரி' என்றும் சொன்னார்கள். சாச்சிக்கு இரண்டும் தெரியும். நல்ல தமிழ் பேசுவார். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் சற்று இழுத்து மேலே தூக்குவார். சும்மா சொல்வதுகூடக் கேள்விபோல இருக்கும்.

எங்கள் தெரு ஒரே மாதிரியான தெரு. ஒரே தொழுகை, ஒரே பேச்சு, ஏதாவது ஒரு வழியில் எல்லாரும் சொந்தம். ஆனால் கல்யாண வீட்டில் கிண்டும் தொதல் கடல் தாண்டி வந்த பண்டம். வட்டிலப்பம் இலங்கையிலிருந்து வந்தது. பெட்டியில் மடித்து வைத்த கைலிகள் பினாங்கிலிருந்து வந்தவை. எது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. விருந்து என்றால் சஹன்தான். அகலமான பெரிய தாலத்தில் நெய்ச்சோற்றைக் கொட்டி, நடுவில் கறியை வைத்து, நான்கைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தாலத்தில் கை வைத்துச் சாப்பிடுவது. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் இரு குடும்பமும் அப்படித்தான் சாப்பிட்டோம். சாச்சி சீக்கிரமே பழகிக்கொண்டார். தன் பக்கத்துக் கறித்துண்டை எதிரே இருப்பவர் பக்கம் தள்ளிவிடும் மரியாதைகூட அவருக்கு வந்துவிட்டது.

சாப்பாடு முடிந்ததும் ஒரு வழக்கு நடக்கும். கொழும்பு பெரிதா ரங்கூன் பெரிதா என்பதல்ல. எந்த ஊரில் அதிக வகை மனிதர்கள் என்பது. சாச்சா விரல் விட்டு எண்ணத் தொடங்குவார். "சிங்களவன், யாழ்ப்பாணத்தான், தோட்டத்துக்காரன், மலாய்க்காரன், பறங்கி, போரா, வட்டிக்கு விடுற பட்டாணி. கொழும்புப் பேட்டையில ஒரு நாழி நின்னா எல்லாம் உன் மேல இடிச்சிட்டுப் போவான்." சாச்சி வெற்றிலையை மடித்துக்கொண்டே சொல்வார்: "பேட்டைக்கு ஏன் போகணும்? எங்க வீட்டு வாசல்ல நின்னாப் போதும். மாடியில சீனன், கீழ தெலுங்கன், எதுத்தாப்புல குஜராத்தி, முக்கு வீட்டுல கரேன் வாத்திச்சி, பின்னாடி சிட்டகாங்காரன். உங்க ஊருல இடிச்சிட்டுப் போவாங்க. எங்க ஊருல குடியிருப்பாங்க."

"குடியிருந்து? ஒருத்தன் சோத்த ஒருத்தன் திம்பானா?"

"திம்பான். ஆனா அவனவனுக்கு ஒரு தட்டு. குஜராத்திக்குக் கறி படாத தட்டு, தெலுங்கனுக்கு மாட்டுக்கறி படாத தட்டு. எங்க வாப்பா அலமாரியில ஒவ்வொண்ணுக்கும் இடம் இருக்கும். யாரு எதத் திங்க மாட்டாங்கன்னு தெரிஞ்சு வைக்கிறதுதான் மரியாதை."

"கேட்டீங்களா மதினி, வீட்ட மியூசியமா வச்சிருந்திருக்காங்க" என்று சாச்சா என் உம்மாவிடம் சொல்வார். "சரி, இத்தன வகையில நீ எந்த வகை?"

"நான் ரெண்டு வகை. உங்க பேட்டையில தேடுனாலும் கெடைக்காது."

உம்மா சிரிப்பார். வாப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து போய்விடுவார். அந்த வழக்கில் யாரும் தீர்ப்புச் சொன்னதில்லை. ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் சாச்சா இறந்துபோனார்.

அவர் போன பிறகுதான் சாச்சியின் நிலைமை எல்லாருக்கும் தெரிந்தது. வீடு இருந்தது. குடும்பக் கடையில் சாச்சாவுக்குரிய பங்கை வாப்பா ஒழுங்காகக் கொடுத்தார். ஆனால் தெருவில் அவருக்குக் கால் ஊன்ற இடம் இல்லை. தங்கச்சிக்கு, அதாவது சாச்சியின் மகளுக்கு, கல்யாண வயது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து இருப்பதுதான் வழக்கம். தெருவிலிருந்து ஒரு மாப்பிள்ளை அந்த வீட்டுக்குள் வந்துவிட்டால், பிறகு அதை யாரும் பர்மாக்காரி வீடு என்று சொல்ல மாட்டார்கள். அது நடக்காவிட்டால் ரங்கூனில் இருக்கும் தம்பியிடம் திரும்பிப் போவதைத் தவிர வழியில்லை என்று சாச்சி உம்மாவிடம் சொல்லியிருந்தார். அழுது சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார் என்று உம்மா பிறகு என்னிடம் சொன்னார்.

ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம், பையன் கொழும்பில் கணக்கு எழுதுகிறான். நான் அப்போது மதுரையில் ஒரு பத்திரிகையில் வேலை பார்த்தேன். லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். பையனின் தாயாரும் இரண்டு பெண்களும் உள்ளே போனார்கள். பையனின் மாமாவும் வாப்பாவும் நானும் முன் அறையில் உட்கார்ந்தோம். இப்படி வருகிறவர்கள் சாப்பாட்டுக்கு உட்காருவதுதான் எங்கள் தெருவில் பேச்சு முடிந்ததற்கு அடையாளம். வாயால் யாரும் சம்மதம் சொல்வதில்லை. ஒரே சஹனில் இரண்டு வீட்டுப் பெண்களும் கை வைத்துவிட்டால் முடிந்தது.

உம்மா தன் வீட்டு சஹனை விளக்கித் துடைத்து முந்தின நாளே சாச்சி வீட்டில் கொண்டுபோய் வைத்திருந்தார். அன்று அவர் பின்கட்டில் தேக்சாவிலிருந்து சோறு அள்ளிக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன் அறைக்கு வேறொரு சஹனில் உம்மாவே சோறு போட்டு அனுப்பினார்; மாமா பிஸ்மி சொல்லிக் கை வைத்தார். நான் இருந்த இடத்திலிருந்து நடுக்கூடத்தின் ஒரு பகுதி தெரிந்தது. விரிப்பின் மேல் பீங்கான் தட்டுகள் வரிசையாக இருந்தன. நீலக் கோடு, நடுவில் மீன். ஆளுக்கு ஒன்று. ஒவ்வொரு தட்டின் பக்கத்திலும் ஒரு தண்ணீர் டம்ளர், அதன் மேல் ஒரு மூடி. மிக அழகாக அடுக்கியிருந்தது.

உம்மா சோற்றோடு கூடத்துக்கு வந்தபோது எல்லாரும் உட்கார்ந்தாகிவிட்டது. பையனின் தாயார் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"ரங்கூன் பீங்கானா?"

"ஆமாங்க" என்றார் சாச்சி. "உங்களுக்காகத்தான் எடுத்தேன்."

"அழகாத்தான் இருக்கு. எங்க கை பட்டா உங்க சோறு தீட்டாப் போயிரும்னு தனித்தனியா வச்சிட்டீகளோ?"

உம்மா குறுக்கே வந்து, "அய்யோ இல்ல, சஹன் இங்கனதான் இருக்கு, இந்தா எடுத்தாரேன்" என்றார். "எடுக்க வேணாம் லாத்தா, வச்சது வச்சதுதான்" என்றார் அந்த அம்மாள். தட்டில் வைத்த சோற்றில் ஒரு வாய் எடுத்தார். மற்ற இரண்டு பெண்களும் ஒரு வாய் எடுத்தார்கள். பிறகு கை கழுவினார்கள். வெளியே வந்தபோது 'போயிட்டு வாரோம்' என்று சொல்லவில்லை. மாமா மட்டும் செருப்பைத் தேடிக்கொண்டே வாப்பாவிடம் "கறி நல்லா இருந்துச்சு" என்றார்.

வாசல் அடைத்த பிறகு உம்மா கேட்டார்: "ஏம்மா, நான் சஹனக் கொண்டாந்து வச்சிருந்தேனே?"

சாச்சி தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம ஆளுங்களுக்குத்தானே லாத்தா சஹன்? இவங்க இன்னும் வெளியாளுங்க. வெளியாளுக்குத் தனித் தட்டு வைக்கிறதுதானே மரியாதை?"

சஹனில் கை வைத்த பிறகுதான் வெளியாள் நம்ம ஆளாகிறான் என்பதை உம்மா அதுவரை யாருக்கும் சொல்ல வேண்டி வந்ததில்லை. தெருவில் எல்லாருக்கும் அது தெரியும். தெரியாத ஒருவர் எங்கள் நடுவில் இத்தனை வருஷம் வெள்ளிக்கிழமைதோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது.

மறுநாள் உம்மா அவர்கள் வீட்டுக்குப் போய் விளக்கம் சொன்னார். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். "தட்டு என்ன லாத்தா பெரிய தட்டு. ஆனா பர்மாக்காரி நம்மளோட சேர்ந்து திங்க மாட்டாளாம்னு தெரு பூராப் பேச்சாயிருச்சே. இனி எப்படி?" என்றார்கள். அவர்களுக்கு உண்மையிலேயே மனம் புண்பட்டதா, காத்திருந்த ஒரு காரணம் கிடைத்ததா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். இரண்டுக்கும் சான்று உண்டு.

சாச்சி அழுது யாரும் பார்க்கவில்லை. தட்டுகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, காயவைத்து, வைக்கோல் சுற்றி மறுபடியும் பெட்டியில் அடுக்கினார். தங்கச்சி வைக்கோல் எடுத்துக் கொடுத்தாள். அடுத்த சம்பந்தம் பார்க்கலாம், கீழக்கரையில் பார்க்கலாம் என்று வாப்பா சொன்னார். சாச்சி கேட்டுக்கொண்டார். பிறகு, "ரங்கூன்ல இவள நீ யாருன்னு கேப்பாங்க. சொன்னா விட்டுருவாங்க. இங்கன சொன்ன பிறகும் கேக்குறாங்க" என்றார். கிளம்பும் அன்று ராமநாதபுரம் பஸ்ஸுக்கு நிற்கையில் ஒரு தட்டை மட்டும் உம்மாவிடம் கொடுத்தார். "வெளியாளு யாராச்சும் வந்தா வைங்க லாத்தா." அதைக் கேலியாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. கடைசிச் சொல்லை வழக்கம்போல மேலே தூக்கியிருந்தார்.

சில காலம் கழித்து எங்கள் ஆசிரியர் ஞாயிறு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார். கிழக்குக் கடல் நகரங்களில் எதில் அதிக இனத்தவர் வாழ்கிறார்கள்: கொழும்பு, ரங்கூன், சிங்கப்பூர், பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சென்னை. நூலகத்தில் உட்கார்ந்து பழைய குடிக்கணக்குகளைப் புரட்டினேன். மதவாரி, மொழிவாரி, பிறந்த நாடுவாரி என்று எல்லாம் இருந்தன. சாச்சா விரல் விட்டு எண்ணிய ஆட்களும் சாச்சி சொன்ன ஆட்களும் தனித்தனிக் கட்டங்களில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கட்டத்தைச் சேர்ந்தவர் அடுத்த கட்டத்தவர் வீட்டில் எப்படிச் சாப்பிட்டார் என்பதற்குக் கட்டம் இல்லை. கட்டுரை நன்றாக வந்தது. ரங்கூனை முதலிலும் சென்னையைக் கடைசியிலும் வைத்திருந்தேன். பெரியபட்டினம் அதில் வரவில்லை, அது நகரமல்ல.

அறுபதுகளின் நடுவில், பர்மாவில் கடைகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு, கப்பல் கப்பலாக நம் ஆட்கள் திரும்பி வந்தார்கள். நான் அதற்குள் சென்னைக்கு மாறியிருந்தேன். துறைமுகத்துக்கு என்னைத்தான் அனுப்புவார்கள். இறங்குகிறவர்களைப் பார்த்து எழுதுவேன்: கையில் என்ன, காலில் என்ன, குழந்தை எந்த மொழியில் அழுகிறது. ஒவ்வொரு கப்பலிலும் தேடினேன். சாச்சி வரவில்லை. எங்கள் தெருக்காரர் ஒருவர் வந்தார். தகர டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க சாச்சியா? அவங்க வர மாட்டாங்க தம்பி. மகளுக்கு அங்கனயே முடிச்சாச்சு. மாப்பிள்ளையோட வாப்பா சூரத்து, உம்மா பர்மாக்காரி. நிச்சயத்துக்கு நானும் போயிருந்தேன். உங்க சாச்சி என்ன பண்ணுனாங்க தெரியுமா? ஒரு பெரிய தாலத்த நடுவுல வச்சு, எல்லாரும் ஒண்ணாக் கை வைங்கன்னுட்டாங்க. வந்தவங்க முழிக்கிறாங்க. தட்டு எங்கன்னு ஒருத்தன் கேக்குறான். எனக்கே சிரிப்பு."

"பிறகு?"

"பிறகென்ன, மாப்பிள்ளையோட உம்மாதான் கை வச்சாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொருத்தரா."

அந்த வாரமே ஊருக்குப் போனேன், ஒரு நாள் லீவில். வாப்பா அதற்குள் இறந்துபோயிருந்தார். என் தம்பிகளில் ஒருவன் கொழும்பிலும் இன்னொருவன் பினாங்கிலும் இருந்தார்கள். சஹனைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உம்மா மிளகாய் காயவைத்திருந்தார். துறைமுகத்தில் கேட்டதைச் சொன்னேன். உம்மா, "கை வச்சாங்களாமா" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

பிறகு அடுப்படிக்குப் போனார். நான் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். சோறு கொண்டுவந்து வைத்தார். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர், அதன் மேல் மூடி. குனிந்து பார்த்தேன். சோற்றைச் சுற்றி நீலக் கோடு. உம்மா எதிரே உட்கார்ந்து விசிறினார். எப்போது கிளம்பணும் என்று கேட்டார். சாயங்கால பஸ் என்றேன். சாப்பிட்டேன். அடியில் மீன் தெரியும்வரை சாப்பிட்டேன்.