பிரேக்குக்கு வராத கால்

கடலூரில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் வேலை. டிரைவிங் ஸ்கூல் காரில் ஓட்டுபவருக்கு இடது பக்கம் உட்காருகிறவரின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். என் பகல் முழுவதும் அந்த இருக்கையில்தான். ஓட்டுகிறவர் பயத்தில் எதை மிதிக்கிறோம் என்று தெரியாமல் மிதிக்கும்போது என் வலது கால் அந்த பிரேக்கில் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் பேச்சு. அந்த ஒரு கால்தான் என் தொழில்.

கணவர் கத்தாரில். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். திருப்பாதிரிப்புலியூரில் வாடகை வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். இடுப்பு வலி எப்போது தொடங்கியது என்று எனக்கே தெரியாது. இந்த வேலையில் இருக்கிற யாருக்குத்தான் இடுப்பு வலிக்காது என்று விட்டிருந்தேன். ஒரு மழைக்காலத்தில் அந்த வலி இடுப்பை விட்டுக் காலுக்கு இறங்கியது. பிட்டத்தில் கிளம்பி, தொடையின் வெளிப்பக்கமாக ஓடி, கெண்டைக்காலைத் தாண்டிப் பாதத்தின் மேல் வந்து நிற்கும். இருமினால் கரண்ட் அடித்த மாதிரி இருக்கும்.

கடலூரில் பார்த்த எலும்பு டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். முதுகெலும்பின் அடிப்பக்கத்தில், இரண்டு எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பை அழுத்துகிறது என்றார். நான் கேட்பதற்கு முன்பே, "ஆபரேஷன் வேண்டாம். முக்கால்வாசிப் பேருக்கு இது தானா அடங்கிடும்" என்று சொல்லி மாத்திரையும் பயிற்சியும் கொடுத்தார். அவர் சொன்னதில் தப்பில்லை. பெல்ட் கட்டிக்கொண்டேன், பயிற்சி செய்தேன், வலி கொஞ்சம் குறைந்தது. வேலையை மட்டும் விடவில்லை.

பிறகு ஒரு நாள் காலையில் அது நடந்தது. வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா ஓட்டிக்கொண்டிருந்தார். மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றி வந்து கலெக்டர் ஆபீஸ் பக்கம் திரும்பினோம். ஒரு ஸ்கூட்டர் குறுக்கே வந்தது. அவர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தார். நான் காலைத் தூக்கினேன். தூக்கியதாகத்தான் நினைத்தேன். முன்பாதம் மேலே வரவில்லை. செருப்பின் நுனி பிரேக் பெடலுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது. கை தானாகப் போய் ஹேண்ட் பிரேக்கை இழுத்தது. கார் குலுங்கி நின்றது. ஸ்கூட்டர்காரர் திரும்பிப் பார்த்துத் திட்டிவிட்டுப் போனார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"மேடம், நீங்க பிரேக் புடிக்கலையா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"புடிச்சேன். கால் வரல" என்றேன்.

அவரை இறங்கச் சொல்லிவிட்டு அங்கேயே காரை ஓரமாக நிறுத்திப் பூட்டினேன். முதலாளிக்குப் போன் செய்து, வண்டியை யாராவது வந்து எடுத்துக்கொள்ளட்டும், சரியாகும்வரை நான் வரமாட்டேன் என்று சொன்னேன். வலியோடு வேலை பார்க்கலாம். வராத காலை வைத்துக்கொண்டு இன்னொருவர் உயிருக்குப் பொறுப்பு ஏற்க முடியாது. நடந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போதுதான் கவனித்தேன், என் வலது செருப்பு ஒவ்வொரு அடிக்கும் தரையில் டப்பென்று அடித்தது. அந்தச் சத்தம் எத்தனை நாளாக இருந்ததோ.

அன்றே சிதம்பரம் பஸ்ஸில் ஏறினேன். அங்கே என் அக்கா வீடு இருக்கிறது. தண்டுவடத்துக்கென்றே ஒரு டாக்டர் அங்குள்ள ஒரு மருத்துவமனைக்கு வந்து போகிறார் என்று அக்கா சொல்லியிருந்தாள். ஆனால் அந்த வீட்டில் மாமாவும் இருக்கிறார், அக்காவின் கணவர். ஆபரேஷன் என்ற சொல்லை அவர் காதில் எப்படிப் போடுவது என்றே பஸ்ஸில் இருந்த நேரம் முழுவதும் எனக்கு யோசனை.

மாமா முன்பு சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டினார். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஸ்டியரிங் எப்படிப் பிடிப்பது என்று முதலில் எனக்குக் காட்டியவர் அவர்தான். அவருக்கும் முதுகு போனது. வெளியூரில் ஆபரேஷன் நடந்தது. பல மாதம் படுக்கையில் இருந்தார். எழுந்த பிறகு வண்டி ஓட்டவே இல்லை. இப்போது சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். உட்கார்ந்தால் வலி, அதனால் நாள் முழுக்க மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டே இருப்பார்.

சோறு சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து, ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கலாம் என்று சொன்னேன்.

"முதுகுல கத்தி வெச்சா மனுசன் முழு மனுசனா எழுந்திருக்க மாட்டான்" என்றார். "என்னையே பாரு. இதுக்கு மேல உனக்கு என்னா சாட்சி வேணும்?"

"மாமா, எனக்கு வலி ஜாஸ்தின்னு போகல. பாதம் தூக்க வரல."

"எண்ணெ போட்டு நீவினா வந்துடும். அவசரப்படாத."

"இன்னிக்கி ஒரு ஸ்கூட்டர்காரன் செத்திருப்பான் மாமா."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அக்கா என்னைப் பார்த்து, டாக்டரிடம் போய்ப் பேசிவிட்டு மட்டும் வருவோம் என்று சைகை காட்டினாள்.

டாக்டர் இளைஞர். ஸ்கேன் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, என் வலது கால் கட்டை விரல்மேல் தன் ஒரு விரலை வைத்தார். "இத மேல தள்ளுங்க" என்றார். தள்ளினேன். அவர் விரல் அசையவே இல்லை. இடது காலில் அதே மாதிரி செய்தபோது அவர் விரல் மேலே போனது. எனக்கு அப்போதுதான் உண்மையில் பயம் வந்தது.

"வலி மட்டும்னா நானும் காத்திருக்கத்தான் சொல்வேன்" என்றார் டாக்டர். "நரம்பு பலம் இழக்குது. இதுல நாள் கடத்தக் கூடாது. பின்பக்கம் பெருசா திறக்க வேண்டாம். பக்கவாட்டுல ஒரு சின்ன துளை, அது வழியா கேமரா வெச்ச குழாய் போவும். பிதுங்கின துண்ட மட்டும் எடுத்துடுவோம். மயக்கம் குடுக்க மாட்டோம். அந்த இடத்த மரத்துப்போக வெச்சிட்டு, உங்ககிட்ட பேசிக்கிட்டேதான் செய்வோம்."

"பழையபடி பாதம் வந்துடுமா?"

"கால் வலி போவும்னு நம்பிக்கையா சொல்றேன். பாதத்துக்கு வாக்கு குடுக்க முடியாது. நரம்பு அது வேகத்துலதான் வரும். வராமலும் போவலாம். இதே இடத்துல மறுபடி பிதுங்குறதும் சில பேருக்கு நடக்கும்."

எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் சொல்லியிருந்தால் நான் திரும்பி வந்திருப்பேன் என்று நினைக்கிறேன். எது முடியாது என்று சொன்னதால்தான் எது முடியும் என்று அவர் சொன்னதை நம்பினேன். அங்கேயே சம்மதம் சொன்னேன். கணவருக்கு வீடியோ கால் போட்டேன். "நான் லீவு கேட்டு வர்ற வரைக்கும் பொறுக்க முடியாதா?" என்றார். முடியாது என்றேன். "சரி, செஞ்சிக்க. முடிஞ்ச ஒடனே உன் மூஞ்சிய காட்டு" என்றார்.

ஆபரேஷன் அன்று காலையில் மாமா கடையைத் திறக்கவில்லை. கூப்பிடாமலே எங்களோடு ஆட்டோவில் ஏறினார். உட்கார முடியாத மனிதர், மேடு பள்ளத்தில் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தபடியே வந்தார்.

உள்ளே என்னைக் குப்புறப் படுக்கவைத்தார்கள். இடுப்பின் பக்கவாட்டில் ஊசி போட்டார்கள். எரிந்தது, பிறகு கனமாக ஆனது. குழாய் உள்ளே போவதை வலியாக அல்ல, யாரோ கட்டை விரலால் ஆழமாக அழுத்துவது போலத்தான் உணர்ந்தேன். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. ஒரு இடத்தில் பழைய கரண்ட் இடுப்பிலிருந்து பாதம்வரை பாய்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "கால்ல இறங்குது டாக்டர்" என்றேன்.

"நல்லது, சொல்லிட்டீங்க. நான் நிறுத்திட்டேன். அதுதான் உங்க நரம்பு. அடக்கிக்காதீங்க, எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

வலியைச் சொல்லாமல் அடக்குவதற்கே பழகியவளுக்கு, சொல்வதுதான் அங்கே வேலை என்றபோது விநோதமாக இருந்தது. சொன்னேன். ஒவ்வொன்றையும் சொன்னேன். கொஞ்ச நேரத்தில், "இப்ப கால் விரல கீழ மடக்குங்க" என்றார். மடக்கினேன். "இருமுங்க" என்றார். மாதக்கணக்காக இருமலுக்குப் பயந்தவள் கண்ணை மூடிக்கொண்டு இருமினேன். காலுக்கு எதுவும் இறங்கவில்லை. மறுபடி இருமினேன், கேட்காமலே. பக்கத்தில் இருந்த நர்ஸ், "போதும்க்கா" என்றார்.

எடுத்த துண்டைச் சின்ன பாட்டிலில் காட்டினார்கள். நண்டுக் காலை உடைத்தால் வரும் வெள்ளைச் சதை மாதிரி இருந்தது. இத்தனை நாள் என்னை ஆட்டிவைத்தது அதுதானா என்று கோபம் வந்தது.

அன்று மாலையே நடக்கவைத்தார்கள். கால் வலி இல்லை. செருப்புச் சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. கணவருக்கு முகத்தைக் காட்டினேன். "சிரிக்கிறியா அழுவுறியா?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

அக்கா வீட்டில் கட்டு பிரித்தபோது அவள் போனில் படம் எடுத்தாள். அதை மாமாவிடம் கொடுத்தாள். சுண்டு விரல் நகத்தின் அகலம்கூட இல்லாத ஒரு தையல். மாமா இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார், சிறிதாக்கினார்.

"இவ்ளோதானா?" என்றார்.

"இவ்ளோதான்" என்றாள் அக்கா.

அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாசலில் போய் நின்றார். அவர் முதுகில் சட்டைக்கு உள்ளே ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு இருப்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுபடி டாக்டரைப் பார்க்கப் போகும் நாளில் மாமா சட்டை மாற்றிக்கொண்டு தயாராக இருந்தார். "நானும் அவர ஒரு வார்த்தை கேக்கலாமா?" என்றார், அனுமதி கேட்பது போல. டாக்டர் அவரைக் குனியவைத்து, நிமிரவைத்து, புதிதாகப் படம் எடுத்துப் பார்த்தார். மாமாவுக்கு அன்று இருந்த பிரச்சினை வேறு, அதற்குச் செய்ததும் வேறு, செய்தது சரியாகத்தான் இருக்கிறது என்றார். இப்போது இன்னொரு ஆபரேஷனுக்கு வேலையே இல்லை. வலித்துவிடுமோ என்று அசைக்காமலே வைத்ததில் இடுப்புத் தசையெல்லாம் இறுகி வலுவிழந்திருக்கிறது, தினமும் நடக்க வேண்டும், பிசியோதெரபி செய்ய வேண்டும் என்றார்.

வெளியே வந்து மாமா சொன்னார்: "அசையாத, அசையாதன்னு அப்ப எல்லாரும் சொன்னாங்க. எப்ப அசையலாம்னு யாரும் சொல்லல. நானும் கேக்கல."

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் காலையில் நடந்தோம். சிதம்பரம் கோயிலை ஒட்டிய மேல வீதியில் ஆரம்பித்து, முடிந்தவரை. பாதம் தொங்காமல் இருக்க ஷூவுக்குள் பிளாஸ்டிக் தகடு ஒன்று போட்டிருந்தேன். என்னால் வேகமாக நடக்க முடியாது, அவராலும் முடியாது. பூக்கடைக்காரர்கள் எங்களைப் பார்த்து, முதலில் பரிதாபப்பட்டார்கள், பிறகு வணக்கம் சொன்னார்கள், பிறகு கண்டுகொள்ளவில்லை. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தைத் தூக்கிப் பழகுவேன். பல நாள் தூக்குகிறேன் என்ற எண்ணம் மட்டும்தான் போகும், பாதம் போகாது. நடுவில் ஒரு நாள், நன்றாகத்தானே இருக்கிறோம் என்று தண்ணீர் கேனைத் தூக்கி, இடுப்பு பிடித்துக்கொண்டு படுத்துவிட்டேன். மறுபடி பிதுங்கிவிட்டது என்றே நினைத்தேன். அந்த நாட்களில் அக்காவிடம் எரிந்து விழுந்தேன். டாக்டர் பார்த்துவிட்டு, தசைப்பிடிப்புதான், கேனைத் தொடாதீங்க என்றார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

ஒரு நாள் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தபோது கட்டை விரல் மேலே எழுந்தது. நான் அதற்கு முயற்சி செய்யக்கூட இல்லை. அக்காவைக் கூப்பிட்டேன். அவள் கரண்டியோடு வந்து பார்த்துவிட்டு, தன் விரலை அதன்மேல் வைத்து, "தள்ளு" என்றாள். தள்ளினேன். கொஞ்சமாகத் தள்ளியது.

வேலைக்குத் திரும்பலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் நான் உடனே திரும்பவில்லை. முதலாளியிடம் அந்தக் காரைக் கேட்டு வாங்கி, ஊருக்கு வெளியே ஆளில்லாத ஒரு மனைப்பிரிவுக்குக் கொண்டுபோனேன். ஓட்டுவதற்கு மாமாவைச் சிதம்பரத்திலிருந்து வரவழைத்தேன். அவர் ஸ்டியரிங்கைத் தொட்டு எத்தனையோ வருடம்.

"திடீர்னு நிறுத்தினா உங்க முதுகு தாங்குமா?"

"மெதுவாத்தானே போவப்போறோம். நீ உன் கால பாரு."

சீட்டுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் சொருகிக்கொண்டு ஓட்டினார். அவர் சொல்லாமல் ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டும், நான் பிரேக் பிடிக்க வேண்டும், அதுதான் பேச்சு. முதல் முறை நான் பிடித்தேன், தாமதமாக. "இல்ல மாமா, மறுபடி" என்றேன். மறுபடி பிடித்தேன். நான் வலது பக்கம் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போது, கண்ணாடியைத் திருப்பும்போது, தும்மும்போது என்று மாமா விதவிதமாக மிதித்தார். அவருக்கே அதில் ஒரு குஷி வந்துவிட்டது. பாதத்தின் நுனி ஒரு தடவைகூட பெடலுக்கு அடியில் மாட்டவில்லை என்று எனக்கு உறுதியான பிறகுதான் போதும் என்றேன். மறுநாள் போய் இன்னொரு முறை செய்து பார்த்துவிட்டு, முதலாளியிடம் வேலைக்கு வருகிறேன் என்றேன்.

இப்போது வேலை செய்கிறேன். நடுவில் இறங்கி நடக்காமல் அடுத்த ஆளை ஏற்றுவதில்லை. அதனால் ஆட்கள் குறைவு, முதலாளிக்கு வருத்தம்தான். வலது பாதத்தின் மேல் ஒரு இடம் இன்னும் மரத்தே இருக்கிறது. அங்கே எறும்பு கடித்தாலும் தெரியாது. அது அப்படியே இருக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமாவுக்கு வலி போகவில்லை, குறைந்திருக்கிறது. கடையில் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார்.

முதுகு வலி என்று யாராவது சொன்னால், என்னிடம் அனுப்பிவைக்கிறார்கள். போன வாரம் ஓட்டப் பழக வந்த ஒரு டீச்சர், தனக்கும் டிஸ்க் என்றும், தானும் அந்தத் துளை ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்றும் கேட்டார். காரை ஓரமாக நிறுத்தச் சொல்லி, செருப்பைக் கழற்றச் சொன்னேன். அவருடைய கட்டை விரல்மேல் என் விரலை வைத்து, மேலே தள்ளச் சொன்னேன். நன்றாகவே தள்ளினார்.

"அத டாக்டர்தான் சொல்லணும், போய்க் காட்டுங்க" என்றேன். "கால்ல பலம் இருக்குது. அதனால அவுங்க மொதல்ல பயிற்சிதான் குடுப்பாங்க. அத ஒழுங்கா செய்யுங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, வண்டியை எடுத்தார்.