தம்பி அனுப்பிய காயின், யாரோ இழந்த பணம்

எங்கள் ஊர் உறுவையாறு. இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறேன். தம்பி பிரான்சில் ஓட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறான். அப்பாவின் கண் ஆபரேஷனுக்குப் பணம் கேட்டபோது, "பேங்க்ல கமிஷன் புடிக்கிறாங்கக்கா, ஸ்டேபிள்காயினா, அதான் போன்லயே அனுப்புற டிஜிட்டல் காசா, அனுப்புறேன். ஒரு காயினுக்கு ஒரு யூரோதான், ஏறாது எறங்காது. ஐரோப்பாவுல அதுக்குச் சட்டமே போட்டிருக்காங்க" என்றான்.

சொன்னபடி சில நிமிடங்களில் காயின் என் போனுக்கு வந்துவிட்டது. அதை ரூபாயாக மாற்ற வேண்டுமே! "நான் சொல்ற கம்பெனியிலயே வித்துடுக்கா" என்று தம்பி சொல்லியும் நான் கேட்கவில்லை. கூடுதல் விலை தருவதாக செல்போன் குரூப்பில் சொன்ன முகம் தெரியாத ஆளிடம் விற்றேன். பணம் உடனே என் வங்கிக் கணக்குக்கு வந்தது. எனக்கு ஒரே பெருமை.

மருத்துவமனையில் முன்பணம் கட்டப் போனால் கார்டு வேலை செய்யவில்லை. வில்லியனூரில் உள்ள வங்கிக்கு ஓடினேன்.

"போலீஸ் உங்க கணக்க முடக்கச் சொல்லியிருக்காங்கம்மா. வெளியூர்ல ஒரு அம்மாவ ஏமாத்தி வாங்குன பணம் உங்களுக்கு வந்திருக்கு" என்றார் மேனேஜர்.

காயின் வாங்கிய ஆள் எனக்குப் போட்டது அந்தப் பணம்தான். "நான் இன்னா சார் பண்ணேன்?" என்று அங்கேயே அழுதேன். பால் பணமும் அதே கணக்கில் மாட்டிக்கொண்டது. ஆபரேஷன் தள்ளிப்போனது. "வுடும்மா, மாடு கண்ணுக்குத் தெரியுதுல்ல" என்றார் அப்பா.

காயின் என்னை ஏமாற்றவில்லை. யாருடைய பணம் என்று கேட்காமல் வாங்கியது நான்தான். கணக்கின் முடக்கம் நீங்கியது முதல், கமிஷன் போனாலும் தம்பி வங்கி வழியாகவே அனுப்புகிறான். அனுப்பியவர் பெயர் அவனுடையதுதானா என்று பார்த்த பிறகே பணத்தை எடுக்கிறேன்.

பணத்தை இழந்த அந்த அம்மாவின் பெயர் மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது.